நெற்றியில்லாத டிவிக்கு வைத்த பொட்டு

மேரு சாலையில் ஒரு லோரிக் கம்பெனி. தகரக் கொட்டகையில் தொடங்கியது, இன்று சொந்தக் கட்டடத்தில் நிற்கிறது. காப்பாரில் ஒரு மாரியம்மன் கோயிலுக்கு மண்டபக் கூரை. அடைமழையிலும் ஒழுகாது, நானே கீழே நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறேன். கிள்ளானில் மூலை வீடு. அந்த வீட்டின் கேட்டை வரைந்தவனும் நான், வெல்டிங் அடித்தவனும் நான். பிள்ளைகள் இரண்டு, இரண்டு பேருக்கும் பட்டம்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் செய்தது இவ்வளவும். யாரும் கை கொடுக்கவில்லை. அதுவும் நல்லதுதான். கொடுத்திருந்தால் பாதியைத் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இந்த வரிசையில் கடைசியாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டு ஹாலில் சுவரில் தொங்கும் டிவி.

சிரிக்க வேண்டாம். லோரிக்கு நான் வங்கிக்காரர்களை மட்டும்தான் சமாளித்தேன். டிவிக்குக் குடும்பத்தையே சமாளிக்க வேண்டியிருந்தது.

பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, இந்த வாரம் என்னைப் பற்றிக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு எழுதச் சொன்னார். என் நினைவுகளில் நான் இல்லாமல் வேறு யார் இருப்பார்கள் என்று கேட்டேன். இருந்தாலும் மரியாதைக்காக இந்த வாரம் டிவியைப் பற்றி எழுதுகிறேன். நான் நடுநடுவே வருவேன்.

தைப்பூசத்தன்று நண்டு

இந்த வருடத் தைப்பூசக் காலை. வீடு முழுவதும் சாம்பிராணிப் புகை. விரத வீடு, முட்டைகூட உள்ளே வராது. ஹாலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். என் மனைவி லெட்சுமி முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கென்றே போட்ட உயரமான நாற்காலியில், பட்டுச் சேலை கட்டி, டிவிக்கு நேரெதிரே இருக்கிறாள்.

டிவியில் ஒரு சீனச் சமையற்காரர் நண்டு உடைத்துக்கொண்டிருக்கிறார். பெரிய திரை, பெரிய நண்டு. ஓடு உடையும் சத்தம் சமையலறை வரை கேட்கிறது.

ரிமோட் வேலை செய்யவில்லை. சேனலை மாற்ற முடியவில்லை, சத்தத்தையும் குறைக்க முடியவில்லை. அது அந்தச் சேனலுக்கு எப்படிப் போனது என்று யாரும் கேட்க வேண்டாம். முந்தின நாள் சாயங்காலம் நான் தனியாக இருந்தேன், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் பத்துமலையிலிருந்து என் மகள் கஸ்தூரி போன் செய்தாள். அவளுடைய தம்பி, என் மகன் குணா, காவடி எடுத்து ஆற்றங்கரையிலிருந்து கிளம்பிவிட்டானாம். கோயில் நேரலையில் படிக்கட்டு அடிவாரத்தைக் காட்டுகிறார்களாம், அம்மாவுக்குப் போட்டுக் காட்டச் சொன்னாள்.

லெட்சுமி நண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏன் அவளுக்கு அந்த நேரலை அவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், டிவி விஷயத்தில் எனக்கு எவ்வளவு அனுபவம் என்றும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் குறை என்மேல் என்று நினைப்பீர்கள்.

முன்னால் டிவி, பின்னால் மனைவி

எங்கள் முதல் டிவிக்குக் கதவு உண்டு. மரப்பெட்டி, இரண்டு பக்கமும் இழுத்து மூடும் கதவு, அதற்கு ஒரு பூட்டு. சாவி என் அரைஞாணில் இருந்தது. வீட்டில் நகைக்குக்கூட அப்படிப் பூட்டு போட்டதில்லை.

அப்போது நான் ஒரு தவ்கேயிடம், சீன முதலாளியிடம், லோரி ஓட்டினேன். டிவியைக் கடையிலிருந்து ஏற்றி வந்த அன்று, பள்ளத்தில் குலுங்கினால் கண்ணாடி போய்விடும் என்று அதை முன் சீட்டில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினேன். லெட்சுமி பின்னால் மாவு மூட்டைகளோடு வந்தாள். வீட்டில் இறங்கும்போது புருவம்கூட வெள்ளையாக இருந்தது. அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். டிவிக்கு ஒரு கீறல் விழவில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டாள்.

ஏரியல் கட்டியதும் நான்தான். கூரைமேல் நான். கீழே சன்னலோரம் அவள். நான் கம்பியைத் திருப்பி, "இப்ப?" என்பேன். "மூஞ்சி ரெண்டா தெரியுது" என்பாள். இன்னும் கொஞ்சம் திருப்புவேன். "இப்ப?" "மூஞ்சி ஒண்ணாயிடுச்சு, ஆனா சிரிக்கிறாரா அழுவுறாரான்னு தெரியல." அதுவரை வந்தால் போதும் என்று இறங்கிவிடுவேன். அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களில் அந்த வித்தியாசம் பெரிதில்லை.

படம் உருண்டால் பெட்டியின் வலது பக்கத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு. இடது பக்கம் தட்டினால் வராது. அந்தத் தாமானில், அந்தக் குடியிருப்பிலேயே, வலது பக்கத்தைக் கண்டுபிடித்தவன் நான். மற்றவர்கள் என்னைப் பார்த்துத்தான் தட்டினார்கள். அதை இன்று யாரும் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

பராமரிப்பு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. டிவியின் தலைமேல் பின்னல் துணி விரிப்போம். ரிமோட் வந்த காலத்தில் அதைப் பிளாஸ்டிக்கில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டோம். கடையில் ஒட்டிக் கொடுத்த மேல்தாளை உரிக்கவே மாட்டோம். உரித்தால் புதுசு பழசாகிவிடும்.

வெள்ளிக்கிழமை தோறும் லெட்சுமி ஈரத்துணியால் துடைப்பாள், உலர்ந்த துணியால் துடைப்பாள். பிறகு நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். அந்த டிவிகளுக்கு நெற்றி இருந்தது. நாலு விரல் அகல மரச் சட்டம். பொட்டு வைத்தால் ஒரு முகம் மாதிரி இருக்கும்.

முட்டியும் நேர்த்தியும்

சில வருடங்களுக்கு முன் குணாவுக்கு ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் விபத்து. மருத்துவமனை வராந்தாவில் நின்று லெட்சுமி நேர்ந்துகொண்டாள். பையன் எழுந்து நடந்தால் அவன் காவடி எடுப்பான், அவள் பால்குடத்தோடு பின்னாலேயே மலை ஏறுவாள்.

பையன் நடந்தான். வேலை, வெளியூர் என்று தள்ளிப்போய், கடைசியில் இந்த வருடம் காவடிக்கு ஒத்துக்கொண்டான். அவன் ஒத்துக்கொண்ட நேரத்தில் அவள் முட்டி ஒத்துக்கொள்ளவில்லை. ஆபரேஷன் ஆயிற்று. நல்லபடியாக ஆயிற்று என்று டாக்டர் சொன்னார். நடந்தால் கால் வரும், உட்கார்ந்தே இருந்தால் அப்படியே இறுகிப்போகும் என்றும் சொன்னார்.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பயிற்சி கொடுக்க வீட்டுக்கு ஃபரிடா என்று ஒரு மலாய்ப் பெண் வந்தாள். தங்கமான பெண். "சிக்கிட் சிக்கிட் ஜாலான் லா, ஆன்டி" என்று கெஞ்சுவாள். கொஞ்சம் கொஞ்சமாக நடக்கச் சொல்கிறாள். நான்கு கால் ஊன்றுகோலை முன்னால் வைப்பாள். லெட்சுமி அவளுக்குத் தேநீர் போடச் சொல்வாள், ஊரைக் கேட்பாள், கல்யாணத்தைக் கேட்பாள். பெண் போகும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

ஒருநாள் நான் சத்தம் போட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள்.

"மலை ஏற முடியாத காலு. அது நடந்தா என்ன, நடக்காட்டி என்ன?"

பதில் இல்லாத இடத்தில் ஏதாவது ஒன்றைக் கட்டிவிடுவது என் பழக்கம். போய்ப் பெரிய டிவி வாங்கினேன். அவள் மலைக்குப் போக முடியாவிட்டால் மலை ஹாலுக்கு வரட்டும்.

என் மாப்பிள்ளையின் மட்டம்

கஸ்தூரியின் கணவர் தினேஷ் கணினிப் படிப்பு படித்தவர். சைபர்ஜெயாவில் வேலை. டிவி மாட்ட வந்தபோது கைப்பேசியைச் சுவரில் வைத்து மட்டம் பார்த்தார். நான் பாதித் தண்ணீர் ஊற்றிய போத்தலை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை. சுவரை எழுப்பியவன் நான் என்பதால் போத்தல் சொன்னபடி மாட்டினேன்.

"வலது பக்கம் சாயுது மாமா" என்றார்.

டிவி நேராகத்தான் இருக்கிறது. பார்க்கிறவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறார்கள்.

மேல்தாளை நான் உள்ளே தேநீர் குடிக்கும்போது அவர் உரித்துவிட்டார். அதைப் பெரிதுபடுத்தவில்லை. இங்கே எழுதுவதோடு சரி.

கஸ்தூரிக்குத்தான் கோபம். "அம்மாவ நடக்க வைங்கன்னா, நீங்க உட்கார வச்சுப் படம் காட்டுறீங்க" என்றாள். அதையே குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாள். ஈப்போவில் இருக்கும் என் தங்கை முதல் எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள். லோரிக் கம்பெனி தொடங்கியபோதுகூட என்னை இத்தனை பேர் ஒரே நேரத்தில் தப்பு சொன்னதில்லை.

தாடை

புது டிவிக்குப் பூசை போட வேண்டும். நல்ல சந்தனம் வாங்குவதற்கென்று ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனேன். பூக்கடைகளைத் தாண்டி ஒரு பூசைச் சாமான் கடை. அங்கிருந்த அக்காவிடம், உதிராத சந்தனம் வேண்டும் என்றேன்.

"இது ஒட்டுனா ஒட்டுனதுதான் அங்கிள். நீங்களா பேத்து எடுத்தாதான் உண்டு."

பொய் சொல்லவில்லை. பன்னீர் விட்டுக் குழைத்தால் சிமெண்டு மாதிரி இறுகியது. சிமெண்டைப் பற்றி எனக்குத் தெரியும்.

குழைத்துக்கொண்டு டிவி முன் நின்றபோதுதான் கவனித்தேன். இதற்கு நெற்றி இல்லை. நாலு பக்கமும் ஓரம் வரை கண்ணாடி. இதை வரைந்தவர்கள் யாரும் பொட்டு வைக்கிற வீட்டில் பிறந்தவர்கள் இல்லை. தேடிப் பார்த்ததில் அடியில், நட்ட நடுவில், கீழ்நோக்கி ஒரு சின்னத் துருத்தல் இருந்தது. தாடை மாதிரி. டிவியில் கண்ணாடி இல்லாத இடம் அது ஒன்றுதான்.

தாடையில் பொட்டு வைத்தேன். அழகாகத்தான் இருந்தது.

அதன்பின் வெள்ளிக்கிழமைப் பொறுப்பு என்னுடையது. லெட்சுமி நாற்காலியில் இருந்தபடி, "தொடைச்சிட்டு வைங்க" என்பாள். "ஆகட்டும்" என்பேன். ஆனால் சாமிக்கு வைத்ததை வழிப்பது எனக்குப் பிடிக்காது. பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம் வைப்பேன். என் லோரிகளுக்கும் அப்படித்தான் வைத்தேன், ஒரு தொந்தரவும் வந்ததில்லை. லோரியை மழை கழுவிவிடும். வீட்டுக்குள் மழை பெய்யாது என்பதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

கை தூக்கிய முருகன்

ரிமோட் ஒரே நாளில் கெடவில்லை. முதலில் நாற்காலியிலிருந்து அமுக்கினால் வேலை செய்தது. பிறகு எழுந்து பாதி ஹால் போக வேண்டியிருந்தது. பிறகு ஒரு குறிப்பிட்ட இடம் தேவைப்பட்டது.

அந்த இடத்தைக் கண்டுபிடித்தவன் நான். சாமி மேடைக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி அமுக்கினால் சேனல் மாறும். புதிதாக வந்த விருந்தாளி ஒருவர் நான் அப்படி நிற்பதைப் பார்த்துவிட்டு, தானும் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தினேஷ் வேறு வழி வைத்திருந்தார். தரையில் மல்லாந்து படுத்து, கீழிருந்து மேலாக அமுக்குவார். பட்டதாரி. பக்கத்தில் எங்கோ அலை இடிக்கிறது என்றார். டிவிக்குள் இருக்கிற மென்பொருள் பழசாகிவிட்டது என்றார். புது ரிமோட் வாங்கி வந்தார். அதையும் படுத்துக்கொண்டுதான் அமுக்கினார்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. நாள் விசேஷம் என்று அன்று ராத்திரி நான் கொஞ்சம் தாராளமாகவே சந்தனம் வைத்தேன்.

பச்சைத் துணி

இனி நண்டுக்கு வருவோம்.

கூட்டத்தில் மகனை எப்படி அடையாளம் தெரியும் என்று லெட்சுமிக்கு முன்பே கவலை. அதனால் தன்னுடைய பழைய பச்சைச் சேலையில் ஒரு முழம் கிழித்து, காவடியின் உச்சியில் கட்டச் சொல்லி குணாவிடம் கொடுத்திருந்தாள். கல்யாணமான புதிதில் நான் வாங்கிக் கொடுத்த சேலை அது. லோரியில் மாவு மூட்டையோடு வந்தபோது கட்டியிருந்ததும் அதுதான் என்றாள். தேவையில்லாத தகவல்.

கஸ்தூரி மறுபடியும் போன் செய்தாள். ஆற்றங்கரையைத் தாண்டியாகிவிட்டது. அடிவாரம் நெருங்குகிறது.

நான் சாமி மேடை ஓரம் நின்று கையைத் தூக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. தினேஷ் மல்லாந்து படுத்தார். ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி மாற்றினார். கைப்பேசியில் பார்க்கலாம் என்றால், லெட்சுமியின் கண்ணுக்கு அதில் எறும்பு ஊர்வது போலத்தான் தெரியும். டிவியின் வயரைப் பிடுங்கிச் செருகினார். அது யோசித்து யோசித்து எழுந்து, மறுபடியும் நண்டிடமே போனது. சமையற்காரர் இப்போது சாஸ் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து போடணும் மாமா. அரை மணி நேரம் ஆகும்" என்றார் தினேஷ்.

அரை மணி நேரத்தில் குணா குகைக்குள் போய்விடுவான்.

நான் வலது பக்கத்தில் தட்டப் போனேன். தினேஷ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது ஒடஞ்சிடும் மாமா." "ஒங்க கையில இருந்தாலே ஒடஞ்ச மாதிரிதான் மாப்ள." பாயில் இருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லார் கண்ணும் ரிமோட்டில் இருந்தது. டிவியை யாரும் பார்க்கவில்லை.

பார்த்துக்கொண்டிருந்தது லெட்சுமி மட்டும்தான்.

"நண்டுக்குக் கீழ பொட்டு இருக்கு. அதையாவது தொடைங்க" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. எனக்கும் சரியாகக் கேட்கவில்லை.

அப்புறம் திடீரென்று சேனல் மாறியது. ஒரு முறை இல்லை. செய்தி, பாட்டு, கால்பந்து என்று தாவியது. தினேஷ் அமுக்கிய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்வது போல. பாயில் கைதட்டல். தினேஷ் முகத்தில் வெற்றி. ஒருவழியாக பத்துமலைப் படிக்கட்டு வந்து நின்றது. உறுமி மேளம் ஹாலை நிறைத்தது.

அப்போதுதான் பார்த்தேன். டிவிக்கு முன்னால் ஒருத்தி நிற்கிறாள். முந்தானை நுனியைச் செம்புத் தண்ணீரில் நனைத்து, என் சந்தனத்தை நகத்தால் பேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறாள். உள்ளங்கையில் அது ஓடு ஓடாகக் கிடந்தது. அந்த இடத்தில், தாடைக்கு நடுவில், ஒரு கறுப்புக் கண்ணாடிப் புள்ளி பளபளத்தது. ரிமோட்டின் வெளிச்சம் நுழைகிற கண்ணாம். தினேஷ் பிற்பாடு விளக்கினார். அவர் எப்போதும் பிற்பாடுதான் விளக்குவார்.

ஊன்றுகோல் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"லெட்சுமி" என்றேன்.

"பழசத் தொடைக்காம யாராவது புதுசு வைப்பாங்களா? எத்தனை வெள்ளி சொன்னேன்" என்றாள், திரும்பாமலே.

"ஒக்காரும்மா, காலு" என்றேன்.

"சும்மா இருங்க. வரான்."

படிக்கட்டின் அடியில், ஆரஞ்சும் மஞ்சளுமாக அசைந்த கூட்டத்தின் நடுவில், ஒரு காவடியின் உச்சியில் பச்சைத் துணி காற்றில் படபடத்தது. கேமரா அதை எட்ட இருந்துதான் காட்டியது. அவள் நின்றுகொண்டே பார்த்தாள். அது மேலே ஏற ஏற, அவளுடைய ஆபரேஷன் செய்த கால் தரையிலிருந்து கொஞ்சம் எழும்பி எழும்பி இறங்கியது. பால்குடம் சுமப்பவள் போல ஒரு கை தலைவரை போயிற்று.

எனக்குச் சாம்பிராணிப் புகை கண்ணில் பட்டுவிட்டது.

கணக்கில் வராத ஆள்

அன்று மத்தியானமே குடும்பக் குழுவில் தினேஷ் டிவியின் படத்தைப் போட்டார். கோளாறு சரியாகிவிட்டது என்று ஒரு வரி. ஈப்போ தங்கை முதல் எல்லாரும் அவருக்கு நன்றி சொன்னார்கள்.

லெட்சுமி இப்போது நடக்கிறாள். காலையில் வாசல் கேட் வரை போய் வருகிறாள். அடுத்த தைப்பூசத்துக்கு நேர்த்தியை முடிப்பேன் என்று சொல்லி, மாடிப்படியில் பழகுகிறாள். ஃபரிடா மகிழ்ந்துபோய் அவளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தாள். அந்தப் படம் அவர்களுடைய பயிற்சி நிலையத்துச் சுவரில், நலம் பெற்றவர்கள் வரிசையில் தொங்குகிறது. கஸ்தூரி அதைப் பார்த்துவிட்டு, பயிற்சிதான் அம்மாவை நடக்க வைத்தது என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறாள்.

நான் கேட்கிறேன். அந்தப் பெண் எத்தனை தடவை எழுந்திருக்கச் சொன்னாள்? எழுந்தாளா? டாக்டர் சொன்னார், எழுந்தாளா? மகள் அழுதாள். என்ன நடந்தது? அவளை அந்த நாற்காலியிலிருந்து கிளப்பியது என் பொட்டு. நான் வாங்கிய டிவியில், என் கையால் குழைத்த சந்தனத்தில், எத்தனையோ வெள்ளிக்கிழமை நான் துடைக்காமல் விட்டுவைத்த பொட்டு. படித்தவர்கள் யாராவது வைத்திருந்தால் ஒழுங்காகத் துடைத்துவிட்டு வைத்திருப்பார்கள். அவள் இன்றும் உட்கார்ந்திருப்பாள்.

இதை எழுதிவிட்டு லெட்சுமிக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள்.

"சரி, நீங்கதான் நடக்க வச்சீங்க. இப்ப நகருங்க, டிவிய மறைக்கிறீங்க."

சாட்சி ஆயிற்று. ஆகவே மூன்று பேர் தங்கள் பேச்சைத் திருத்திக்கொள்ள வேண்டும். தினேஷ் குழுவில் போட்டதை எடுத்துவிட்டு என் பெயர் போட்டு மறுபடியும் போட வேண்டும். கஸ்தூரி, படம் காட்டி உட்கார வைத்தேன் என்று சொன்ன வாயால் இதையும் சொல்ல வேண்டும். பயிற்சி நிலையத்தார் அந்தப் படத்தைக் கழற்ற வேண்டாம். ஃபரிடா நல்ல பெண், அவள் அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் இன்னொரு படம் மாட்ட இடம் விட்டால் போதும். அதில் நானும் டிவியும் நிற்போம். டிவி தாடையில் பொட்டோடு நிற்கும். எடுக்கிற அன்று துடைத்துவிட்டுத்தான் வைப்பேன்.